அண்ணியும் ஏழாம் தூணும்

என் அண்ணிக்கு ஆபீஸில் வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. வீட்டிலும் அந்தப் பெயர் பொருந்தும். துவைத்துக் காயப்போட்ட என் சட்டையைத் தூக்கிப் பிடித்து, "இந்தக் கறை புதுசா, பழசா?" என்று கேட்பார். பழசு என்றால் விட்டுவிடுவார். புதுசு என்றால் விசாரணை ஆரம்பம். அவருடைய உத்தியோகமும் அதுதான். எது பழசு, எது புதுசு என்று பார்ப்பது.

நாங்கள் இருவரும் பாலங்களைப் பரிசோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறோம். நான் லாரி ஓட்டுகிறேன். சாதாரண லாரி இல்லை. பாலத்தின் ஓரத்தில் நிறுத்தினால் அதன் முதுகிலிருந்து ஒரு நீண்ட இரும்புக் கை கிளம்பி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, கீழே இறங்கி, பாலத்தின் அடிவயிற்றுக்குள் மடங்கிப் போகும். கையின் நுனியில் ஒரு கூண்டு. கூண்டில் கேமராவும் விளக்குகளும். ஆபீஸில் அந்த லாரிக்கு யானை என்று பெயர். எனக்கு என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படம் எடுப்பதற்கு முன்னால் நானே கூண்டில் இறங்கி, நீளப் பிடி போட்ட தூரிகையால் ஒட்டடை, தூசி, குளவிக்கூடு எல்லாவற்றையும் தட்டிவிட வேண்டும். அழுக்கு மறைத்த இடத்தைக் கேமரா பார்க்காது.

எடுத்த படங்கள் அண்ணியின் அறைக்குப் போகும். இரண்டாம் மாடியில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட சின்ன அறை. நாற்காலியின் ஒரு சக்கரம் கழன்று மூன்று வருடமாகிறது. அந்த மூலைக்கு ஒரு பழைய டெலிபோன் டைரக்டரியை முட்டுக் கொடுத்திருக்கிறார். மேஜை மேல் இரண்டு திரைகள். இடது திரையில் போன வருடத்துப் படம், வலது திரையில் இந்த வருடத்துப் படம். ஒவ்வொரு விரிசலுக்கும் ஓர் எண். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று சும்மா பேச்சுக்குச் சொல்வார்களே, அதை மாதச் சம்பளத்துக்குச் செய்கிற ஒரே ஆளை எனக்குத் தெரியும்.

"விரிசல் இல்லாத கான்கிரீட் பாலம் கிடையாது தம்பி. அது எங்க இருக்கு, எவ்வளவு வேகமா போகுது, அதுதான் கேள்வி" என்பார். உத்திரத்தின் நடுவில் மயிரிழையாக நிமிர்ந்து நிற்கும் விரிசல்களை அவர் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார். உத்திரத்தின் முனையில், அது தூணில் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சாய்வாக ஓடுகிற விரிசல் என்றால், டைரக்டரியோடு சேர்த்து நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வார்.

என் அண்ணன் பஸ் டிரைவர். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போய்வருகிற வழித்தடம். ஒரு நாளைக்கு நான்கு நடை. அதாவது பாலத்தை எட்டு தடவை கடக்க வேண்டும். எங்கள் மூவருக்கும் ஒரே வீடு, ஒரே சமையலறை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. யானையை வைத்திருப்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று அண்ணன் கேட்பதுண்டு.

வருடம் ஒரு முறை ஆற்றுப் பாலத்தின் அறிக்கையில் அண்ணி கையெழுத்துப் போடுவார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் ஒரு சடங்கு மாதிரி நடக்கும். அண்ணன் கை கழுவிக்கொண்டே கேட்பார்: "என்ன, ஓட்டலாமா?"

அண்ணி காய் நறுக்குவதை நிறுத்தாமல், தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்வார்: "ஓட்டுங்க."

பதினொரு வருடமாக இதே கேள்வி, இதே பதில். ஒருநாளும் இரண்டாவது வார்த்தை வந்ததில்லை.

பன்னிரண்டாவது வருடம் புதுக் கேமரா வந்தது. பழையது எட்டடி தூரத்தில் நின்று பார்த்ததை, இது மூக்கை ஒட்டவைத்துப் பார்த்தது போல் காட்டும். எங்கள் பிரிவின் இளைய இன்ஜினியருக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸில் அவரைச் சின்னவர் என்றும், தலைமை இன்ஜினியரைப் பெரியவர் என்றும் சொல்வோம். சின்னவர் கெட்ட மனிதர் இல்லை. எந்த முடிவையும் பெரியவர் எடுத்தால் தேவலை என்று நினைக்கிற மனிதர், அவ்வளவுதான்.

புதுக் கேமராவால் அண்ணிக்குத்தான் தலைவலி. ஆற்றுப் பாலத்தில் நானூற்றுப் பன்னிரண்டு விரிசல்கள். அவற்றில் கிட்டத்தட்ட முந்நூறு, போன வருடத்தைவிட நீளமாகத் தெரிந்தன. முதல் நாள் அண்ணிக்கு முகத்தில் ஈயாடவில்லை. மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்கு வந்து, கூண்டில் தானே இறங்கி, விரிசலின் அகலம் பார்க்கக் கோடுகள் போட்ட அளவு அட்டையைக் கான்கிரீட்டில் வைத்து இருபது விரிசல்களைக் கையால் அளந்தார். இருபதும் பழைய அளவுதான். விரிசல் வளரவில்லை; அதன் மெல்லிய வால் முனை பழைய கேமராவுக்குத் தெரியவில்லை, புதிதுக்குத் தெரிகிறது.

"அப்பாடா" என்று கூண்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் பூசி மெழுக விரும்பவில்லை. அவரே விரும்பமாட்டார். மீதி விரிசல்களை அவர் படத்தில் பார்த்தார். பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நீளமாகத் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியைக் கம்ப்யூட்டரில் எடுத்து எடுத்து ஒட்டினார்: 'கேமரா மாற்றத்தால் நீளமாகத் தெரிகிறது. மாற்றம் இல்லை.' இருநூற்றுச் சொச்சம் தடவை. ஒரு வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் அண்ணன் கேட்டார், அண்ணி காய் நறுக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து வினை என் ரூபத்தில் வந்தது. அந்த வருடம் நான் குளவிக்கூடுகளைத் தட்டவில்லை. முந்தைய வருடம் ஒரு குளவி என் கண்ணிமையில் கொட்டி, நான்கு நாள் ஒற்றைக் கண்ணோடு திரிந்தேன். அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். அதனால் இந்தத் தடவை ஒட்டடையை மட்டும் தட்டிவிட்டு, மண்கூடுகளைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி வந்துவிட்டேன். யாரோ மேலிடத்தில் படங்களைப் புரட்டி, கூடுகள் அகற்றப்படாததற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மெமோவோடு அண்ணியின் அறைக்கு ஓடினேன்.

"அண்ணி, எதையாவது எழுதிக் காப்பாத்துங்க."

"எத்தன கூட்ட விட்டுட்டு வந்த?"

"ரெண்டு இருக்கும். மிஞ்சிப்போனா மூணு."

"பொய் சொல்லாத. இரு, எண்ணிப் பாக்குறேன்."

எனக்காக வாதாட அல்ல, என் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அவர் படங்களைத் திறந்தார். இப்போது அவர் விரிசலைப் பார்க்கவில்லை, கூட்டைத் தேடினார். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனார். ஏழாம் தூண், மூன்றாம் உத்திரம், உத்திரத்தின் முனை. அங்கே எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்று கூடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அண்ணி பத்து என்று சொல்லவில்லை. ஒன்பதிலேயே நின்றுவிட்டார்.

நாற்காலி முன்னால் நகர்ந்தது. டைரக்டரி சரிந்து விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"தம்பி, இங்க வா. இத பாரு."

ஒன்பதாவது கூடு ஒரு விரிசலின் குறுக்கே கட்டப்பட்டிருந்தது. இடது திரையில், போன வருடப் படத்தில், அதே கூடு. அந்த வருடமும் அதை நான் தட்டவில்லை; குளவி என்னைக் கொட்டிய இடமே அதுதான், பாதியில் ஓடிவந்துவிட்டேன். அதில் கூடு முழுசாக, உருண்டையாக இருந்தது. வலது திரையில் அது இரண்டாகப் பிளந்திருந்தது. கீழே ஓடிய சாய்வான விரிசல் எந்தக் கோட்டில் போகிறதோ, அதே கோட்டில்.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. கேமரா மாறியதால் ஒரு விரிசல் நீளமாகத் தெரியலாம். கேமரா மாறியதால் ஒரு மண்கூடு இரண்டாக உடையாது.

அண்ணி அந்த விரிசலுக்குத் தான் எழுதிய குறிப்பைத் திறந்தார். ஒட்டிய வரி அங்கேயும் ஒட்டியிருந்தது. மாற்றம் இல்லை. அதை அவர் வாய்விட்டு ஒரு முறை படித்தார்.

சின்னவர் வந்து பார்த்தார். "மேடம், மண்ணுதானே. காஞ்சா வெடிக்கத்தான் செய்யும்."

"பக்கத்துல ரெண்டு கூடு இருக்கு சார். அதே மண்ணு, அதே வெயில். அது ரெண்டும் வெடிக்கல. இதுல பாருங்க, கீழ்ப்பாதி இறங்கி உக்காந்திருக்கு. காஞ்சு வெடிச்சா இறங்காது."

சின்னவர் பெரியவருக்குப் போன் செய்தார். பெரியவர் வெளியூரில் ஒரு கூட்டத்தில் இருந்தார். திங்கட்கிழமை வந்து நேரில் பார்க்கிறேன், குளவிக்கூட்டை நம்பிப் பாலத்தை மூட முடியாது, அதுவரை யாரும் அவசரப்பட வேண்டாம் என்றார். சின்னவர் போனை வைத்துவிட்டு நிம்மதியாகிவிட்டார். முடிவு பெரியவருடையது அல்லவா.

பாலத்தை மூட அண்ணிக்கு அதிகாரம் கிடையாது. கையெழுத்துப் போட்டுத் திறந்துவைக்கத்தான் அதிகாரம். வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி ஒன்றரை. அண்ணன் இரண்டு நாற்பதுக்குப் பாலத்துக்கு வருவார்.

"அண்ணி, அண்ணனுக்கு ஒரு போன் போட்டுடுறேன். உடம்பு சரியில்லன்னு சொல்லி வண்டிய விட்டு இறங்கிடட்டும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் சுருங்கிப்போனேன்.

"பஸ்ல அவர் மட்டுமா போறாரு?"

பிறகு, "யானைய எடு" என்றார்.

எங்கள் விதிப்புத்தகத்தில் ஒரு வரி உண்டு. சந்தேகம் வந்தால் ஆய்வு செய்தவரே மறு ஆய்வு கேட்கலாம். மறு ஆய்வு நடக்கிற வரைக்கும் வண்டி போக்குவரத்தை நிறுத்தி வைக்கலாம். அதற்குப் பெரியவர் கையெழுத்து வேண்டாம், ஆய்வு செய்தவரின் கையெழுத்துப் போதும். மறு ஆய்வு எவ்வளவு நேரம் நடக்கலாம் என்று எழுத மறந்துவிட்டார்கள். அண்ணி படிவத்தை நிரப்பி, காரணம் என்ற இடத்தில் 'என் முந்தைய குறிப்பு தவறு' என்று எழுதி, போக்குவரத்துக் காவலுக்கும் அக்கரை ஆபீசுக்கும் தகவல் சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்.

இரண்டே காலுக்கு யானையைப் பாலத்தின் வாயில் குறுக்கே நிறுத்தினேன். அக்கரை வாயிலை அங்கிருந்த காவலர்கள் பார்த்துக்கொண்டார்கள். சிவப்புக் கூம்புகளை வரிசையாக வைத்தோம். இரண்டு நாற்பத்தொன்றுக்கு அண்ணனின் பஸ் வந்தது. நெட்ட நெடுக ஹாரன். பிறகு கதவு திறந்து அண்ணன் இறங்கினார். அவருக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம்.

"டேய்! எதுக்குடா குறுக்க போட்டு வெச்சிருக்க? எடுடா வண்டிய."

"அண்ணே, அண்ணிகிட்ட கேளு."

என் வீரம் அவ்வளவுதான். லாரிக்குப் பின்னாலிருந்து அண்ணி வந்தார். பஸ் ஜன்னல்களில் நாற்பது தலைகள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பள்ளி முடிந்து வருகிறவர்கள், மடியில் மூட்டை வைத்திருப்பவர்கள். சிலர் இறங்கியே வந்துவிட்டார்கள்.

"பாலம் சரியில்ல. பஸ் போகக் கூடாது" என்றார் அண்ணி.

"சரியில்லையா? மூணு வாரம் முன்னாடி நீதானே நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்ட?"

"போட்டேன். தப்பா போட்டுட்டேன்."

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஜாடையாகச் சொல்லியிருக்கலாம். கடைசி சீட்டில் இருந்தவருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். கூட்டத்தில் ஒரு பெரியம்மா, "அடிப்பாவி, அப்ப இத்தன நாளு?" என்றார். இன்னொருவர், இவர்களை எல்லாம் வேலைக்கு வைத்தவனைச் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தார். அண்ணன் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணியையே பார்த்தார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"அதுக்கப்புறம் நான் எத்தன தடவ மேல போயிருப்பேன், தெரியுமா உனக்கு?"

"நூத்தி நாப்பத்தெட்டு. இன்னைக்குக் காலைல போன நாலையும் சேத்து."

லாரியில் வரும்போது அண்ணி விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கொண்டு வந்ததை நான் கவனித்திருந்தேன். கூம்புகளை எண்ணுகிறார் என்று நினைத்தேன். பதினெட்டு வேலை நாள், நாளுக்கு எட்டு, அதற்கு மேல் நான்கு. எனக்கு அங்கே, நட்டநடு ரோட்டில், அழுகை வந்துவிட்டது. வெயிலுக்குக் கண்ணைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன்.

அண்ணன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"டேய், பின்னாடி போய் நின்னு பாத்துச் சொல்லு. ரிவர்ஸ் எடுக்கப்போறேன்."

அந்தக் குறுகலான சாலையில் முக்கால் பர்லாங்கு தூரம் அந்த பஸ் பின்னாலேயே போனது. "வா, வா, வா, லெஃப்ட்ல ஒடி" என்று கத்திக்கொண்டே நானும் பின்னால் நடந்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எங்கள் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு வாழ்த்தினார்கள். அக்கரைக்குச் சுற்றுவழி இருபத்திரண்டு கிலோமீட்டர்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மறு ஆய்வு நடந்தது. அதாவது, நான் லாரியில் உட்கார்ந்திருந்தேன்; அண்ணி கூண்டில் இறங்கி, ஒட்டிய வரி இருந்த ஒவ்வொரு விரிசலையும் கையால் அளந்தார். சின்னவர் மூன்று தடவை போன் செய்தார். அண்ணி மூன்று தடவையும் "ஆய்வு இன்னும் முடியல சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு ஓய்வு நாள். மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரோடு நடந்தே வந்தார். இரண்டு நாளாக அவர் அண்ணியோடு பேசவில்லை.

"எங்க அது? காட்டு" என்றார்.

விதிப்படி வெளியாள் கூண்டில் ஏறக் கூடாது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருவரையும் இறக்கினேன். கேபின் திரையில் பார்த்தேன். அண்ணி கூட்டைக் காட்டினார். அண்ணன் தொடாமல் கிட்டப் போய்ப் பார்த்தார். அப்புறம் விரிசலில் நகத்தை வைத்தார். நகம் உள்ளே போயிற்று. கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். இத்தனை வருடம் தான் எதன் மேல் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் கீழேயிருந்து பார்க்கிறார். மேலே வந்ததும் கேரியரைத் திறந்து அண்ணிக்கு முதலில் பரிமாறினார். எனக்கு அடிச்சோறு.

திங்கட்கிழமை காலை பெரியவர் வந்தார். கோபமாகத்தான் வந்தார். கூண்டில் இறங்கி அளவு அட்டையை வைத்தார். போன வருடம் மூன்று காகிதக் கனம்கூட இல்லாத விரிசல், இப்போது அட்டையின் கடைசிக் கோட்டையும் தாண்டியிருந்தது. மேலே வந்து, கர்சீப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, பாலத்தை மூடச் சொன்னார். அவ்வளவு நேரமும் அவர் குளவிக்கூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

புது அறிக்கையில் ஒரு வரிக்காகத்தான் சண்டை. 'இந்த விரிசலை நேரில் அளக்காமல், கேமரா மாற்றம் என்று முன்பு நான் எழுதியது தவறு.' அதை எடுத்துவிடலாம், பாலத்தை மூடியாயிற்று, இனி எதற்கு என்றார் பெரியவர். உங்களுக்குத்தான் கெட்ட பெயர் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அண்ணி ஒற்றைக் காலில் நின்றார். "எடுத்துட்டா அடுத்து வர்றவங்களும் இதே வரிய ஒட்டுவாங்க சார்."

அந்த வரி இருக்கிறது. அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனதற்கும் அந்த வரிக்கும் சம்பந்தமில்லை என்று ஆபீஸில் சொல்கிறார்கள். எனக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் சோம்பேறித்தனம்தானே பாலத்தைக் காப்பாற்றியது என்று அண்ணியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"நீ அதுக்காகவா விட்ட? சோம்பேறித்தனம் சோம்பேறித்தனம்தான்" என்றார்.

இப்போது எங்கள் படிவத்தில் புதிதாக ஒரு விதி. கூட்டை முதலில் படம் எடு, பிறகு தட்டு. ஒரு வேலை இரண்டு வேலையாயிற்று. நன்றி அண்ணி.

பாலத்தைச் சரிசெய்யப் பதினான்கு மாதம் ஆயிற்று. பதினான்கு மாதமும் ஊர் எங்களைத் திட்டியது. நன்றாக நின்றுகொண்டிருந்த பாலத்தை விரிசலை எண்ணி எண்ணியே மூடிவிட்டார்கள் என்று கடைகளில் பேச்சு. விழுந்திருந்தால் நம்பியிருப்பார்கள். விழாத பாலத்தை வைத்துக்கொண்டு அண்ணி யாரிடம் போய் என்னத்தைக் காட்டுவார்? பதினான்கு மாதமும் அண்ணன் இருபத்திரண்டு கிலோமீட்டர் சுற்றி ஓட்டினார். முதுகு வலிக்கிறது என்று தினமும் சொன்னார். எதனால் வலிக்கிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை.

புது உத்திரம் போட்டு, நான் படம் எடுத்து, அண்ணி அத்தனையையும் கையால் அளந்து முடித்து, ஒரு புதன்கிழமை கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே நின்றார். கேட்கலாமா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. கடைசியில் கேட்டுவிட்டார்.

"என்ன, ஓட்டலாமா?"

அண்ணி காய் நறுக்குவதை நிறுத்தினார். கத்தியைக் கீழே வைத்தார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஓட்டுங்க. காலைல முதல் நடைக்கு நானும் வரேன்."